பெங்களூரிலிருந்து லடாக்: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

பெங்களூர்த் தமிழ் வீடுகளில் லடாக் ஆசை பெரும்பாலும் ஒரு நீல ஏரியின் படத்திலிருந்துதான் பிறக்கிறது. படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். "இந்த வருஷம் போயே ஆகணும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். அப்புறம் கேள்விகள் வர ஆரம்பிக்கும். அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. நான் டிராவல் ஏஜென்ட் இல்லை, அதனால் சில பதில்கள் ஏஜென்ட் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கும்.

இவ்வளவு தூரம் போய்ப் பார்க்க அங்கே என்னதான் இருக்கிறது? வெறும் மலைதானே?

வெறும் மலைதான். அதுதான் விஷயமே. நமக்கு மலை என்றால் ஊட்டி, ஏற்காடு, கூர்க். காடும் மேகமும் அட்டையும் இல்லாத மலை நமக்குப் பழக்கமில்லை. பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லடாக்கின் முக்கிய நகரமான லேயில் 100 மில்லிமீட்டர் அளவுதான். இமயமலை பருவமழை மேகங்களைத் தெற்கிலேயே தடுத்துவிடுவதால் லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம்.

விமானத்தின் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது பழுப்புக்கு நடுவே அங்கங்கே பச்சைத் திட்டுகள் தெரியும். அவற்றில் ஏறக்குறைய ஒவ்வொன்றும் மனிதர்கள் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து உண்டாக்கியது. மழையை நம்பாமல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எப்படி வாழ்ந்தார்கள் என்ற கேள்வியோடு போனால் பார்க்க நிறைய இருக்கிறது. ஏரியின் முன்னால் நின்று படம் எடுக்க மட்டும் என்றால், அவ்வளவு செலவு வேண்டாம் என்பேன்.

2019 அக்டோபர் 31 முதல் லடாக் தனி யூனியன் பிரதேசம். 2011 கணக்கெடுப்பின்படி அதன் மொத்த மக்கள்தொகை 2,74,289. சுற்றுலாப் பயணிகளை அனுமதித்ததே 1974இல்தான்.

எந்த மாதம் போவது? பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு ஒத்துவருமா?

இதுதான் பெங்களூர்க் குடும்பங்களின் பெரிய சிக்கல். நம் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறை. அப்போது லடாக்கில் குளிர் இன்னும் விட்டிருக்காது. மணாலி சாலை எப்போது திறக்கும் என்பது பனியைப் பொறுத்தது. எல்லோரும் போகிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இங்கே பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும்.

ஆனால் ஏப்ரல் அவ்வளவு மோசமில்லை. லே விமான நிலையம் ஆண்டு முழுவதும் இயங்குகிறது. சிந்து நதியை ஒட்டிய தாழ்வான கிராமங்களில் ஏப்ரலில் ஆப்ரிகாட் மரங்கள் பூத்துக் குலுங்கும். உயரமான ஏரிகளை மறந்துவிட்டு அந்தக் கிராமங்களுக்கு மட்டும் போகலாம். இன்னொரு வாய்ப்பு தசரா விடுமுறை. அக்டோபர் தொடக்கத்தில் வானம் தெளிவாக இருக்கும், பாப்லர் மரங்கள் மஞ்சளாகியிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், அதற்குத் தயாராக வேண்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: செப்டம்பர்.

விமானமா, சாலையா?

பெங்களூரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் டெல்லியில் மாறி லேக்குப் பறக்கிறார்கள். டெல்லி–லே விமானம் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். மதியத்துக்கு மேல் காற்று வலுப்பதால் லேயில் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் வந்துபோகும். மேகம் மூடினால் ரத்தாகும். ஆகவே திரும்பும்போது லே–டெல்லி, டெல்லி–பெங்களூர் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள், அல்லது டெல்லியில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

நேரம் இருந்தால் நான் ஸ்ரீநகர் சாலையைச் சொல்வேன். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சோனாமார்க், 3,528 மீட்டரில் சோஜி லா (லா என்றால் கணவாய்), திராஸ் என்று போய், 2,676 மீட்டரில் உள்ள கார்கிலில் இரவு தங்கலாம். மறுநாள் 4,108 மீட்டரில் ஃபோட்டு லாவைத் தாண்டினால் லாமாயுரு. உடம்பு மெதுவாகப் பழகிக்கொள்ளும், நிலமும் கண்ணெதிரே மாறும். சோஜி லாவுக்கு இந்தப் பக்கம் பச்சைப் புல்வெளி, அந்தப் பக்கம் மொட்டை மலை. இமயமலை மேகத்தை எங்கே நிறுத்துகிறது என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே பார்த்துவிடலாம்.

மணாலி வழி அழகுதான், ஆனால் கடினம். 2020இல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோதாங் கணவாயின் தொல்லையைக் குறைத்துவிட்டது. ஆனாலும் பாராலாச்சா லா, 5,300 மீட்டருக்கு மேலே தாங்லாங் லா என்று கணவாய்கள் வரிசையாக உண்டு. பலர் நடுவில் சர்ச்சுவில் கூடாரத்தில் தங்குகிறார்கள். அது ஏறக்குறைய 4,300 மீட்டர். முதல் இரவிலேயே அந்த உயரத்தில் படுத்தால் தலைவலியில் விடிய விடிய விழித்திருக்க நேரும். கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ தங்கி நன்றாகத் தூங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புவது மேல்.

உயரத்தால் உண்மையில் என்ன ஆகும்? பயமுறுத்துகிறார்களே?

பயப்பட வேண்டாம், மதிக்க வேண்டும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற அளவு குறைகிறது. பெங்களூர் 920 மீட்டர், லே நகரம் சுமார் 3,500 மீட்டர். லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,359 மீட்டரில் இருக்கும் கார்துங் லாவில் பாதிக்குச் சற்று மேல்.

விமானத்தில் இறங்கியவுடன் ஒன்றும் தெரியாது. "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகல" என்று கடைத்தெருவைச் சுற்றப் போவார்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில்தான் வரும். உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கப்பன் பார்க்கில் தினம் ஓடுகிறவர் படுத்துவிடுவார், நடக்கவே சோம்பல்படுகிற சித்தப்பா கல்லுமாதிரி இருப்பார்.

முதல் 48 மணி நேரம் ஓய்வு. படி ஏறுவது, ஓடுவது, மது, தூக்க மாத்திரை எதுவும் வேண்டாம். தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது மலை மருத்துவத்தில் பொது விதி. பகலில் உயரமான கணவாயைத் தாண்டி மறுபுறம் இறங்கிவிடலாம். எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

டயாமாக்ஸ் மாத்திரை பலருக்கு உதவுகிறது. ஆனால் அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கற்பூரத்தை முகர்ந்துகொண்டே இருந்தால் சரியாகும் என்று வண்டியில் யாராவது ஒருவர் பொட்டலம் நீட்டுவார். மூக்கு விறுவிறுக்கும், ஆக்சிஜன் அதிகரிக்காது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். லேயில் உள்ள எஸ்.என்.எம். அரசு மருத்துவமனைக்கு இது அன்றாட வேலை.

அப்பாவுக்கு 70 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். அழைத்துப் போகலாமா?

வயது மட்டும் தடையில்லை. கட்டுக்குள் இருக்கும் பிரஷரோடு பலர் போய் வருகிறார்கள். இதய நோய், நுரையீரல் நோய் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ மருத்துவர் சரி என்று சொல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். பெரியவர்களோடு போனால் ஸ்ரீநகர் வழி, அல்லது விமானத்தில் இறங்கியதும் நேராக லேயைவிடத் தாழ்வான கிராமத்துக்குப் போய்விடுவது. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஏஜென்ட் ஆறு நாளில் லே, நுப்ரா, பாங்காங், மடாலயங்கள் எல்லாம் "கவர்" பண்ணித் தருகிறேன் என்கிறார். சரியா?

கவர் பண்ணலாம். நாளுக்கு ஆறேழு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து, தலைவலியோடு ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்று, படம் எடுத்துத் திரும்பலாம். பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மூன்றாவது, நான்காவது இரவிலேயே அங்கே தூங்கவைக்கிற திட்டத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

என் யோசனை இது. லே விமான நிலையத்தில் இறங்கியதும் நகரத்துக்குள் போகாமல், மேற்கே சிந்து நதியோடு இறங்கி நிம்மு அல்லது ஆல்ச்சிக்குப் போய்விடுங்கள். அவை 3,100 மீட்டர் அளவில், லேயைவிடத் தாழ்வு. ஆல்ச்சி சுமார் 65 கிலோமீட்டர். வழியில் நிம்மு அருகே சிந்துவும் ஸன்ஸ்காரும் கலப்பதைப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை ஷாம் என்பார்கள். அங்கே ஏதாவது ஒரு வீட்டில் மூன்று இரவுகள். அப்புறம் லேயில் இரண்டு இரவுகள். அதன்பின் நுப்ரா, பாங்காங் இரண்டில் ஒன்று மட்டும். நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர், திஸ்கித் எல்லாம் 3,100 மீட்டர் அளவுதான், கார்துங் லாவைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுவோம். மணல்மேடும் இரண்டு திமில் ஒட்டகமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒட்டகங்கள் நடு ஆசிய வணிகப் பாதையிலிருந்து மிஞ்சியவை.

பாங்காங் 134 கிலோமீட்டர் நீளம், உப்பு நீர், சுமார் மூன்றில் ஒரு பங்கு நம் பக்கம். அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் லடாக்கில் பெரிய செலவு வாடகைக் காருக்குத்தான், கட்டணத்தை டாக்சிச் சங்கம்தான் நிர்ணயிக்கிறது. இடங்களைக் குறைத்தால் அந்தப் பணம் ஒரு கிராமத்து வீட்டுக்குப் போகும், உங்களுக்கும் பேச ஆள் கிடைக்கும்.

மொழி தெரியாதே?

லடாக்கி திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இந்தி எங்கும் ஓடும், நம் பெங்களூர் இந்தியே போதும். "ஜூலே" என்றால் வணக்கம், நன்றி, போய்வருகிறேன் மூன்றும். எதிரே வருகிற எல்லோரிடமும் சொல்லலாம், திருப்பிச் சொல்வார்கள்.

சாப்பாடு? நாங்கள் சைவம், சோறு இல்லாமல் முடியாது.

சோறும் பருப்பும் கிடைக்கும். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் லேசில் வேகாது. அதனால் குக்கர் இல்லாத சமையலறையை அங்கே பார்ப்பது கஷ்டம். விசில் சத்தம் கேட்டால் ஊர் ஞாபகம் வரும்.

ஆனால் அங்கே போயும் பருப்புச் சோறே தேடாதீர்கள். கோதுமை மாவைக் கட்டைவிரலால் அழுத்தி, காய்கறியோடு கொதிக்கவிடும் ஸ்க்யூ, காலையில் கம்பீர் ரொட்டியும் ஆப்ரிகாட் ஜாமும், துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் எல்லாம் சைவமாகக் கிடைக்கும். பார்லி, பட்டாணி மாவைக் கொதிநீரில் கிளறிச் செய்கிற பாபா நம்முடைய களிக்குச் சொந்தம். கீரை போட்ட மோர் மாதிரியான தாங்தூரோடு சாப்பிடுவார்கள். ராகி முத்தே பழகிய பெங்களூர்க்காரருக்கு இறங்கிவிடும். உப்பும் வெண்ணெயும் போட்ட குர்குர் டீயை டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம். ரசம், சூப் வரிசையில் வைத்துக் குடியுங்கள். கோப்பை காலியானதும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் நிறைந்த கோப்பையை அப்படியே வைத்துவிட வேண்டும்.

மழையே இல்லாமல் எப்படி விவசாயம் செய்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஆனால் கேட்பவர்கள் குறைவு.

மலை உச்சியிலுள்ள பனியும் பனியாறும் உருகி வரும் ஓடைதான் எல்லாம். ஓடையிலிருந்து கையால் வெட்டிய கால்வாய்கள் வயலுக்கு வரும். இரவில் வரும் தண்ணீரைத் தேக்க ஸிங் என்ற சிறு குளம். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று பார்ப்பதற்கு ஊரே தேர்ந்தெடுக்கும் ஆள் சுர்போன். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டிக்கு இருந்த அதே வேலை, அதே அதிகாரம், அதே வம்பு. தஞ்சாவூர், செங்கல்பட்டுப் பக்கம் வேர் உள்ளவர்கள் தங்கள் தாத்தாக்களிடம் கேட்ட கதைகளை அங்கே கால்வாய்க் கரையில் நேரிலேயே பார்க்கலாம்.

ஆண்டுக்கு ஒரே போகம்: பார்லி, கோதுமை, பட்டாணி. சிக்கல் வசந்தத்தில்தான். ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கத் தண்ணீர் வேண்டும். ஆனால் பனியாறுகள் மிக உயரத்தில் இருப்பதால் அப்போது உருகத் தொடங்கியிருக்காது. ஜூலையில் நிறைய வரும், ஆனால் விதைப்புக்கு அது காலம் கடந்தது. குளிர்காலத்திலோ ஓடைத் தண்ணீர் யாருக்கும் பயனில்லாமல் ஓடிவிடும்.

இதற்கு வழி கண்டவர் செவாங் நோர்பெல் என்ற ஓய்வுபெற்ற சிவில் எஞ்சினியர். குளிர்கால ஓடையைத் திருப்பி, மலையின் நிழலில் சிறு தடுப்புகளுக்குப் பின்னால் மெல்லப் பரவவிட்டு உறையவைத்தார். ஊருக்குப் பக்கத்திலேயே, தாழ்வான இடத்தில் ஒரு செயற்கைப் பனியாறு. தாழ்வாக இருப்பதால் விதைப்புக்குச் சரியாக உருகும். 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சோனம் வாங்சுக் என்ற இன்னொரு எஞ்சினியர் அதை வேறு வடிவத்துக்குக் கொண்டுபோனார். மேட்டிலிருந்து குழாயில் வரும் தண்ணீர், மோட்டார் இல்லாமல் தன் அழுத்தத்திலேயே இரவில் நீரூற்றாகப் பீய்ச்சி அடித்து, கூம்பாக உறைகிறது. கூம்பில் கொள்ளளவு அதிகம், வெயில் படும் பரப்பு குறைவு, எனவே மெதுவாகக் கரையும். இதற்குப் பனி ஸ்தூபம் என்று பெயர். ஏப்ரல் விடுமுறையில் போகிறவர்கள் மிச்சமிருக்கும் ஸ்தூபத்தைப் பார்க்க வாய்ப்புண்டு. கோடையில் போகிறவர்களுக்கு அது இல்லை.

கிராமத்து வீட்டில் கழிப்பறை எப்படி?

பழைய வீடுகளில் உலர் கழிப்பறை. மாடியில் ஓட்டை, கீழே அறை. போனபின் மண்ணையோ சாம்பலையோ கொஞ்சம் அள்ளித் தள்ளிவிட வேண்டும். மக்கி உரமாகி வயலுக்குப் போகும். காற்று வறண்டது என்பதால் நாற்றம் நினைப்பதைவிடக் குறைவு. பல வீடுகளில் இப்போது விருந்தினருக்காகத் தண்ணீர்க் கழிப்பறையும் வைத்திருக்கிறார்கள். லேயில் ஓட்டல்கள் பெருகப் பெருக நிலத்தடி நீரை உறிஞ்சுவது அங்கே பெரிய கவலை. 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல் வற்றி டேங்கருக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தினமும் இரண்டு வேளை குளியல் என்ற நம் வழக்கத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். வியர்வையே வராது, தோலும் குறைவாக வெடிக்கும்.

மடாலயங்களில் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டுமென்றால்?

ஆல்ச்சி. ஹெமிஸ், 15 மீட்டர் மைத்ரேயர் (வரப்போகும் புத்தர்) சிலை உள்ள திக்ஸே போல மலைமேல் கம்பீரமாக நிற்காது. ஊருக்குள், மரங்களுக்கு நடுவே, தாழ்வான மண் கட்டடங்கள். உள்ளே காஷ்மீர் ஓவியர்களின் கைவண்ணம், ஏறக்குறைய 800, 900 ஆண்டுப் பழமை. சும்ட்செக் என்ற மூன்றடுக்குக் கோயிலில் இரண்டு ஆளுயரத்துக்கு மேல் மூன்று போதிசத்துவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் கட்டியிருக்கும் வேட்டிகளைப் பாருங்கள். அவலோகிதேசுவரரின் வேட்டியில் கோயில்களும் அரண்மனைகளும், மைத்ரேயரின் வேட்டியில் புத்தரின் வாழ்க்கை, மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் 84 மகாசித்தர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. இருட்டுக்குக் கண் பழகும்வரை நின்றால் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

ஸ்தூபிகளையும், மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச் சுவர்களையும் நாம் கோயிலைச் சுற்றுவது போலவே வலமாகத்தான் சுற்ற வேண்டும்.

ஹன்லேவுக்குப் போகலாமா? நட்சத்திரம் அப்படித் தெரியுமாமே?

தெரியும். பெங்களூர்க்காரர்களுக்கு இதில் தனி உறவு உண்டு. ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டு மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியை நடத்துவது கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். அதைச் செயற்கைக்கோள் இணைப்பு மூலம் இயக்குவது நம் ஹோஸ்கோட்டையிலிருந்து. அதே நிறுவனத்தின் இன்னொரு தொலைநோக்கி நம் ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கிறது. பருவமழை மேகத்தால் அங்கே பல இரவுகள் வீணாகும். மேகமும் ஈரமும் இல்லாத வானம் தேடித்தான் ஹன்லே.

2022இல் அந்தப் பகுதியை இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறார்கள், அவர்களே விருந்தினருக்கு வானம் காட்டுகிறார்கள். அமாவாசையை ஒட்டிப் போங்கள், இரவில் டார்ச்சை வானத்துக்கு அடிக்காதீர்கள். லேயிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல், தூங்குவதும் 4,200 மீட்டருக்கு மேல். ஆகவே குறைந்தது ஐந்தாறு இரவு பழகியபின்தான். முதல் பயணத்திலேயே இதையும் சேர்த்துத் திணிக்க வேண்டாம்.

பைக்கில் போகலாமா?

பெங்களூரிலிருந்தேவா? ஒரு வழி 3,000 கிலோமீட்டருக்கு மேல். சொந்த வண்டி, நிறைய விடுமுறை இருந்தால் போங்கள். வெளி மாநிலத்தில் வாடகைக்கு எடுத்த பைக்கை லடாக்கில் ஊர் சுற்ற விடமாட்டார்கள். லேயிலேயே வாடகைக்கு எடுப்பதுதான் வழி. ஓடைகள் சாலையைக் கடக்கும் இடங்களைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள், மதியம் பனி உருகித் தண்ணீர் ஏறிவிடும்.

போன், பணம், அனுமதி?

வெளி மாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். ரொக்கத்தை லேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைப் பகுதிக்கான அனுமதி, கட்டண விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்புகிற வாரத்தில் லே நிர்வாகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். ஆதார் அசலைக் கையில் வையுங்கள்.

அங்கிருந்து என்ன வாங்கி வருவது?

உலர்ந்த ஆப்ரிகாட். லே கடைத்தெரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வாங்கலாம். வெள்ளைக் கொட்டையுள்ள ரக்த்ஸே கார்போ என்ற வகைக்குப் புவிசார் குறியீடு உண்டு, அதன் பருப்பு இனிக்கும். மற்ற வகைகளில் சிலவற்றின் பருப்பு கசக்கும். அதை உடைத்து பாதாம் மாதிரி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கசப்புப் பருப்பு வயிற்றில் சயனைடாக மாறக்கூடியது. ஒன்றைக் கடித்துப் பார்த்து, இனித்தால் மட்டும் கால் கிலோ கூட்டிக் கேளுங்கள்.